கோணலைக் கூப்பிடாதே

வீடு
மார்ச் 9

தம்பி,

சிறைக்கு எழுதும் கடிதம் ஒரு தாளுக்கு மேல் போகக் கூடாதாம். அதனால் நலமா, தூங்குகிறாயா என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். நலமில்லாவிட்டாலும் நலம் என்றுதான் எழுதப் போகிறாய். நேரே விஷயத்துக்கு வருகிறேன். விஷயம் கதவு.

உன்னைப் பிடிக்க வந்த போலீஸ்காரர்கள் தட்டவில்லை, உதைத்தார்கள். மேல் கீல் பிய்ந்துவிட்டது, நடுப் பலகை பிளந்துவிட்டது. கதவு இப்போது ஒரு கீலில் தொங்கிக்கொண்டு, மூடவும் வராமல் திறக்கவும் வராமல் நிற்கிறது. முன்னறையில் என் டைப் வகுப்பு நடப்பது உனக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். பெண்கள் ஒரு கையால் தாளை அமுக்கிக்கொண்டு மறு கையால் அடிக்கிறார்கள். நேற்று ஒரு நாய் உள்ளே வந்து ஜன்னலோர டைப்ரைட்டருக்கு அடியில் படுத்துக்கொண்டது. விரட்டப் போனால், நீ யார் என்பதுபோல் என்னைப் பார்க்கிறது.

ஆள் வைத்துச் சரிசெய்யலாம் என்றால் தெருவே குறுக்கே நிற்கிறது. "அக்கா, தொட்டுடாதீங்க. தலைவர் சபதம் போட்டுட்டுப் போயிருக்காரு" என்கிறார்கள். எப்போது நீ தலைவர் ஆனாய்? போன மாதம் வரைக்கும் வாலுதானே?

சபதம் நடந்தபோது நானும் பக்கத்தில்தான் நின்றேன். விலங்கு மாட்டி இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்துக் கத்தினாய். "இந்தக் கதவை வேற எவனும் தொடக் கூடாது! நான் திரும்பி வந்து என் கையால நிமித்துவேன்!" கூட்டம் கை தட்டியது. மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வந்தது. கதவு என்றால் நாடாம். எவனும் என்றால் அந்நிய அரசாம். முன்வரிசையில் நின்றுகொண்டிருந்தது தெருமுனைத் தச்சர் என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். எதையும் ஒரு கண்ணை மூடி, தலையைச் சாய்த்துப் பார்க்கிற அதே கோணல். அப்பா செய்த கதவு தொய்கிறது என்று என்றைக்கோ டீக்கடையில் சொன்னாரே, அதற்காக அப்பா சாகும் வரைக்கும் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாரே, அந்த ஆள்தான். நீ அரசாங்கத்தைப் பார்த்தா கத்தினாய்? கோணலின் கை கீல் பக்கம் போனதைப் பார்த்துவிட்டுக் கத்தினாய்.

இந்தத் தெருவில் வேறு தச்சர் கிடையாது. கோணலைக் கூப்பிடுகிறேன், சம்மதம் என்று ஒரு வரி எழுது.

அக்கா


மத்தியச் சிறை
ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். (நீ சொன்னபடியே எழுதிவிட்டேன்.)

கோணலைக் கூப்பிடாதே. அவர் வந்தால் கீலை மாட்டமாட்டார். தலையைச் சாய்த்து ஒரு பார்வை பார்ப்பார். பிறகு டீக்கடையில் போய், "நான் அன்னிக்கே சொன்னேன்" என்பார். அப்பா போன பிறகும் அந்தப் பேச்சை என்னால் கேட்க முடியாது.

நான் கத்தியது அவரைப் பார்த்துத்தான். ஒப்புக்கொள்கிறேன். இந்த வரியைச் சிறை அதிகாரி படிப்பார், படிக்கட்டும். வெளியே போய்ச் சொன்னால் அவரை யாரும் நம்பப் போவதில்லை.

ஆனால் ஒன்று நடந்துவிட்டது, அக்கா. போன வாரம் பக்கத்து அறைக்கு ஒரு கல்லூரி மாணவனைக் கொண்டுவந்து போட்டார்கள். அடித்த அடியில் ஒரு கண் மூடியே கிடந்தது. அவன் கம்பி வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கதவைப் பத்திப் படிச்சதுக்கப்புறம்தான் வீட்டை விட்டு வந்தேன்" என்று சொல்லி அழுதான். உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து, அது எங்கள் தெருத் தச்சரைத் திட்டியது என்று எப்படிச் சொல்வேன்? நீயாக இருந்தால் சொல்லியிருப்பாய். என்னால் முடியவில்லை.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள். வெளியே வந்ததும் முதல் வேலை கதவுதான். அப்பாவின் உளிப் பெட்டிக்கு எண்ணெய் போட்டு வை. அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன்
வாலு


வீடு
ஜூன் 21

தம்பி,

வெளியே வந்தாய், கூட்டம் போட்டாய், மறுபடி உள்ளே போனாய். மறுபடி வந்தாய், பேச்சுவார்த்தைக்குக் கப்பலேறினாய். வீட்டுப் பக்கம் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. என் தலையில் பாதி நரைத்த பிறகு ஒருவழியாக விடுதலையும் வந்துவிட்டது. நீ பிரதமராகப் பதவியேற்றதை வானொலியில் கேட்டு நான் அழுதேன். உன் அத்தான் பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருந்த இத்தனை வருஷத்தில் ஒரு பஸ்ஸையும் யாருக்காகவும் நிறுத்தி வைத்ததில்லை. அன்றைக்கு நீ பேசி முடிக்கும் வரைக்கும் எல்லா பஸ்ஸையும் நிறுத்தி வைத்தார். அது ஒரு பக்கம் இருக்கட்டும். நேற்று நம் தெருவுக்கு வந்தாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நீ வருகிறாய் என்று தெரிந்ததும் முன்னறை டைப்ரைட்டர்களையெல்லாம் சுவரோரம் தள்ளி இடம் செய்து வைத்தேன். உளிப் பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். புதுக் கீல், திருகாணி எல்லாம் தயார். உன் அத்தான் லீவு போட்டுவிட்டுச் சுத்தியலோடு வாசலில் நின்றார். அவர் லீவு போட்டு நான் பார்த்ததே இல்லை.

வந்தாய். காரிலிருந்து இறங்கி நேரே கதவுக்குப் போனாய். பிளந்த பலகையில் கையை வைத்துக் கண் கலங்கினாய். படம் எடுத்தார்கள். உன் அத்தான் சுத்தியலை நீட்டினார். நீ என்ன செய்தாய்? பேனாவை எடுத்துச் சுத்தியலின் கைப்பிடியில் கையெழுத்துப் போட்டு, அவர் தோளில் தட்டி, "நன்றி ஐயா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தாய். உன் சொந்த அத்தான், தம்பி! பல வருஷமாக நீ பார்க்காத ஆள்தான், தாடி வேறு வைத்திருக்கிறார், நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஐயாவா?

அதோடு விட்டாயா? கூட்டத்தின் பக்கம் திரும்பி, "இந்தக் காயம் இப்படியே இருக்கட்டும். நாளைய பிள்ளைகள் பார்க்கட்டும்" என்றாய். எல்லோரும் அழுதார்கள். எனக்கு எரிந்தது. அந்தக் காயத்துக்குள் குடியிருப்பது நாங்கள். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தாயா? கார் கிளம்பிய பிறகு உன் அத்தான் சுத்தியலையே பார்த்துக்கொண்டிருந்தார். "கையெழுத்து நல்லாத்தான் இருக்கு" என்றார். நான் உள்ளே போய்விட்டேன்.

எப்போது வருகிறாய்? கேமரா இல்லாமல், கூட்டமில்லாமல், உளியோடு?

அக்கா


பிரதமர் அலுவலகம்
ஜூலை 14

மதிப்பிற்குரிய அம்மையீர்,

தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்றது. தாங்கள் குறிப்பிட்டுள்ள கதவு, நாட்டு மக்களின் தியாகத்துக்குச் சான்றாக விளங்குவதால், அதனைப் பாதுகாக்கும் பொறுப்பு பண்பாட்டுத் துறையிடம் ஒப்படைக்கப்படுகிறது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். கதவு தொடர்பான கோரிக்கைகளை இனி அத்துறைக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் நலம் நாடும்
பிரதமர்

அக்கா, மேலே இருப்பது செயலாளர் எழுதியது. கையெழுத்துப் போட்ட பிறகுதான் படித்தேன், கிழித்துப் போட நேரமில்லை. எல்லையில் தகராறு, ஆற்றுத் தண்ணீரில் தகராறு, மந்திரிகளுக்குள் தகராறு. இங்கே சாப்பாடுகூட யாராவது நினைவுபடுத்தினால்தான். அத்தானிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். அந்தத் தாடி அவருக்குப் பொருந்தவில்லை என்றும் சொல். கட்டாயம் வருகிறேன். வாலு.


வீடு
அக்டோபர் 30

தம்பி,

அந்த ஜூலைக் கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் நீ எனக்கு மறுபடி ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டாய். அதற்கப்புறம் நீ இரண்டு தேர்தலில் ஜெயித்துவிட்டாய். ஒவ்வொரு வருஷமும் அடுத்த மாதம் வருகிறேன் என்று ஒரு வரி எழுதுகிறாய். உன் அலுவலகத்தில் டைப் அடிப்பவருக்கு ஓரம் விட்டு அடிக்க இன்னும் தெரியவில்லை. அவரை என்னிடம் அனுப்பு.

இப்போது எழுதுவது வேறு வழியில்லாமல். உன் அத்தானுக்கு நெஞ்சு சரியில்லை. இரண்டு குளிர்காலமாக இருமல். டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். வாசலில் நின்று கதவையும் பார்த்தார், படுக்கையையும் பார்த்தார். "அம்மா, மருந்து ரெண்டாவது. முதல்ல இந்தக் காத்தை நிறுத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எப்படி நிறுத்துவது? கதவுக்கு முன்னால் கயிறு கட்டியிருக்கிறார்கள். பகல் முழுக்க ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனிதர்தான், ஆனால் போன வாரம் கடைக்குப் போய்விட்டு வந்த என்னிடமே, "யாரைப் பாக்கணும்?" என்று கேட்டார். உள்ளே இன்னொரு கதவு போடலாம் என்றால் சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். பின்பக்கம் அப்பாவின் பட்டறைக்குப் படுக்கையை மாற்றினேன், அங்கே கூரை ஒழுகுகிறது என்று திரும்ப முன்னறைக்கே கொண்டுவந்தேன். வாசலுக்கு உள்பக்கம் தார்ப்பாய் ஒன்று கட்டித் தொங்கவிட்டேன். யாரோ வெளிநாட்டு விருந்தாளி கதவைப் பார்க்க வருகிறார் என்று துறைக்காரர்கள் அதை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டு போனார்கள். விருந்தாளி கதவு வழியாக உள்ளே எட்டிப் பார்த்தார். உன் அத்தான் போர்வைக்குள்ளிருந்து அவருக்குக் கையசைத்தார். இவரையும் கண்காட்சி என்றே அந்த விருந்தாளி நினைத்திருப்பார்.

இந்தக் கடிதத்தின் உறையில் ஒட்டியிருக்கும் தபால்தலையைப் பார். நம் கதவுதான். பின்பக்கத்தை நக்கி ஒட்டித்தான் உனக்கே அனுப்ப வேண்டியிருக்கிறது. கட்சிக் கொடியில் கதவு, பள்ளிப் புத்தகத்தில் கதவு. என் வீட்டில் மட்டும் கதவு இல்லை.

துறைக்கு எழுதிப் பார்த்தேன். "தலைவரின் சபதம் சார்ந்த பொருள்" என்று பதில் வந்தது. ஆக, சாவி உன் வாயில்தான் இருக்கிறது. யாரைப் பார்த்துக் கத்தினாய் என்று ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிவிடு. அது சபதமே இல்லை என்று ஆகிவிட்டால் கயிற்றை அவிழ்த்துவிடுவார்கள். நான் உன்னிடம் இதுவரைக்கும் ஒரு சிபாரிசும் கேட்டதில்லை. இதுவும் சிபாரிசு இல்லை. உண்மையைச் சொல் என்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா


பிரதமர் இல்லம்
நவம்பர் 11

அன்புள்ள அக்காவுக்கு,

இது முழுக்க என் கைப்பட எழுதுவது. எழுத்து கோழி கிண்டியதுபோல் இருந்தால் பொறுத்துக்கொள்.

அத்தானை இங்கே அழைத்து வந்துவிடு. பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். இந்த இல்லத்தில் நான் எட்டிக்கூடப் பார்க்காத அறைகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் கதவு உண்டு. வண்டி அனுப்புகிறேன்.

நீ கேட்டதைப் பற்றி. கேட்பது நியாயம், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு மாதத்தில் தேர்தல். எங்கள் சின்னமே அந்த உடைந்த கதவுதான். எதிர்க்கட்சிக்காரர்கள் வாயில் அவலாக விழச் சொல்கிறாயா? எனக்காக மட்டும் பயப்படவில்லை, அக்கா. சிறையில் பக்கத்து அறையில் இருந்தானே அந்தக் கல்லூரி மாணவன், அவர்தான் இன்றைக்குப் பண்பாட்டுத் துறை மந்திரி. அந்தக் கயிற்றைக் கட்டச் சொன்னவரே அவர்தான். ஒரு கண் பார்வை இன்னும் சரியாகத் திரும்பவில்லை. அந்தக் கதவுக்காகத்தான் அந்தக் கண்ணைக் கொடுத்தேன் என்று ஊர் ஊராகச் சொல்கிறார். அவரிடம் போய் நான் என்ன சொல்ல?

நானே கயிற்றை அவிழ்க்க உத்தரவு போடலாம். பிரதமர் தன் வீட்டுக்காகத் துறையை வளைத்தார் என்பார்கள். அதையும் யோசித்துப் பார்த்துவிட்டேன்.

தேர்தல் முடியட்டும். முடிந்த மறுநாளே சொல்லிவிடுகிறேன். அதுவரைக்கும் அத்தானோடு இங்கே வந்து இரு. மறுக்காதே.

உன்
வாலு


ஆஸ்பத்திரி
டிசம்பர் 2

தம்பி,

இந்தத் தடவை நானும் கையால்தான் எழுதுகிறேன், மடியில் தாளை வைத்து. உன் அத்தானை இங்கே சேர்த்துப் பல நாளாகிறது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூச்சு வாங்குகிறது. நேற்று கொஞ்சம் தேவலை. டாக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "பொழச்சுடுவாரு. ஆனா அந்த வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிட்டுப் போனீங்கன்னா நான் பொறுப்பில்லை."

உன் இல்லத்துக்கு வரச் சொன்னதைப் படித்துக் காட்டினேன். "எனக்கு என் வீட்டுக்குப் போகணும்" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் எப்போதும் இரண்டு வரிக்கு மேல் பேசுகிறவர் இல்லை. ஆனால் சொல்லிவிட்டு என் கையை விடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. இந்த வயதில் எனக்கு அவரை விட்டால் யார் இருக்கிறார்கள்? நீ இருக்கிறாய் என்று சொல்லாதே, சிரிப்பு வந்துவிடும்.

அதனால் முடிவு எடுத்துவிட்டேன். வரும் வாரம் கோணலைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கயிற்றை நானே அறுப்பேன். காவலர் பிடித்தால் பிடிக்கட்டும். அந்த வாசலில் நடக்கும் இரண்டாவது கைதாக இருந்துவிட்டுப் போகட்டும். உன்னைப் பிடித்தது அவர்கள் அரசாங்கம், என்னைப் பிடிப்பது உன் அரசாங்கம். போகும்போது நானும் திரும்பிப் பார்த்து ஏதாவது கத்துவேன். பத்திரிகைக்காரர்களை வரச் சொல்.

அக்கா


நாடாளுமன்றம்
டிசம்பர் 5

அக்கா,

கடிதம் காலையில் கிடைத்தது. கயிற்றை அறுக்காதே. நான் அறுத்துவிட்டேன்.

இன்று அவையில் கல்விச் செலவு பற்றிப் பேச வேண்டும். எழுதி வைத்திருந்த தாள்களைக் கையில் எடுத்தேன். ஒரு எழுத்தும் கண்ணில் படவில்லை. தாள்களைக் கீழே வைத்துவிட்டு, "கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். எங்கள் ஆட்கள் வழக்கம்போல் மேஜையைத் தட்டினார்கள். தட்டி ஓயட்டும் என்று காத்திருந்து சொன்னேன். அன்றைக்கு நான் நாட்டை நினைக்கவில்லை, எங்கள் தெருத் தச்சரை நினைத்தேன், அவர் தச்சரான எங்கள் அப்பா செய்த கதவைத் தொய்கிறது என்று சொன்னவர், அவர் கை அதில் படக் கூடாது என்றுதான் கத்தினேன் என்றேன். அத்தானின் நெஞ்சைப் பற்றியும் சொன்னேன். தார்ப்பாயைப் பற்றியும்.

முதலில் எதிர்க்கட்சித் தலைவர் சிரிக்க ஆரம்பித்தார். அப்புறம் அந்தப் பக்கம் முழுக்கச் சிரிப்பு. எங்கள் ஆட்கள் முகத்தில் ஈயாடவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து, "அப்போ இத்தனை வருஷமா இந்த நாடு ரெண்டு தச்சருங்க சண்டைக்குப் பின்னாலதான் நடந்துச்சா?" என்று கேட்டார். "ஆமாங்க, ஆனா கதவா நடந்துச்சு? நடந்தது ஜனங்கதானே" என்றேன். அது எடுபட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. சிரிப்பில் பாதி பேருக்குக் காதில் விழுந்திருக்காது.

நான் பயந்தது அந்த மந்திரிக்கு. பக்கத்து இருக்கைதான். தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே வந்ததும் அவர் கையைப் பிடித்தேன். அவர்தான் முதலில் பேசினார். "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்தான். ஜெயில்ல தூக்கத்துல கோணல், கதவைத் தொடாதே கோணல்னு திட்டுவீங்க. ஏதோ போலீஸ் அதிகாரின்னு நெனச்சேன். ஒரு அதிகாரியைப் போய் கதவு விஷயமா எதுக்கு இவ்வளவு திட்டுறாருன்னு புரியல." பிறகு, "என் கண்ணு கதவுக்காகப் போகலங்க. நான் போராட்டத்துக்குப் போகணும்னு நெனச்சேன், போனேன்" என்றார். அங்கேயே நின்று கயிற்றை அவிழ்க்க உத்தரவு எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதேன், அக்கா. அந்த வராண்டாவில், எல்லோரும் பார்க்க.

கட்சிக்காரர்கள் யாரும் என்னோடு பேசவில்லை. கொடியை என்ன செய்வது என்று கூடிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

கோணலைக் கூப்பிடு. இன்றைக்கே கூப்பிடு. அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அத்தானிடம் சொல், அவர் நீட்டிய சுத்தியலில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தது என் தப்பு என்று.

வாலு


பிரதமர் இல்லம்
பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசியில் கேட்டேன், அத்தான் வீட்டுக்குப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னார்கள்.

தேர்தல் முடிவு உனக்கே தெரியும். தோற்றுவிட்டோம். சாதாரணத் தோல்வி இல்லை, மண்ணைக் கவ்விவிட்டோம். கதவால்தான் என்கிறார்கள் கட்சியில். விலைவாசியால் என்கிறது ஒரு பத்திரிகை. எனக்கு எது என்று தெரியவில்லை. வேறு மாதிரி செய்திருப்பேனா என்று கேட்டால், முன்னாடியே செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்த வீட்டைக் காலி செய்துகொண்டிருக்கிறேன். மூட்டை கட்ட அதிகமில்லை. அங்கே வரலாமா என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

கதவு என்னவாயிற்று? அதையாவது எழுது.

வாலு


வீடு
பிப்ரவரி 24

தம்பி,

பதில் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ள உனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் கதவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் உன் அத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கை ஒழியவில்லை.

கோணலிடம் போனேன். நான் சொல்வதற்கு முன்பே வானொலியில் கேட்டுவிட்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு போனால், மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அன்னிக்கு நானும் முன்னால நின்னு கை தட்டினேன்மா. என்னைத்தான் சொல்றான்னு தெரியாமப் போச்சே!" என்றார். தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டேன். "இன்னும் பலமாத் தட்டியிருப்பேன். நாட்டோட சபதமே என்னைப் பார்த்துப் போட்டதுதானே" என்றார். இப்போது அவர் கடைக்கு ஆட்கள் வந்து அவரைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, படத்துக்கு நிற்கிறார். கடையில் ஒரு வேலையும் நடப்பதில்லை. என் கதவுக்கு அவரை இழுத்து வருவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.

அவருக்கும் வயதாகிவிட்டது, கை நடுங்குகிறது. நான் கதவைத் தூக்கிப் பிடித்தேன், அவர் கீல் வைத்தார். இடையிடையே, "தொய்யுது, நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார். நான் எதிர்பார்த்தேன், நீயும் எதிர்பார்த்தாய். ஆனால் பிளந்த பலகையை மட்டும் மாற்றமாட்டேன் என்றுவிட்டார். "உங்கப்பா நல்ல மரம் பார்த்துத்தான் போட்டிருக்காரு" என்று சொல்லி, பின்பக்கம் ஒரு பட்டை வைத்து இறுக்கிக் கொடுத்தார். அப்பா இருந்து கேட்டிருக்க வேண்டும். துறையிலிருந்து ஒருவர் வந்து பிய்ந்த பழைய கீலைக் கேட்டார், கண்ணாடிப் பெட்டியில் வைக்கப் போகிறார்களாம். தாராளமாகக் கொடுத்தேன். கீலுக்குக் குளிராது.

உன் அத்தான் தேறிவிட்டார். தினமும் வாசல் வரைக்கும் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். நடந்து போய்க் கதவைத் திறக்கிறார், மூடுகிறார், தாழ்ப்பாள் போடுகிறார், மறுபடி திறக்கிறார். நேற்று என்னைக் கூப்பிட்டு, "சத்தமே இல்ல பாரு" என்றார். தாடியை எடுத்துவிட்டார். உன் பேச்சைக் கேட்டுத்தான் என்று ஒப்புக்கொள்ளமாட்டார்.

நீ தோற்றது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. அன்றைக்கு வானொலியை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த டிசம்பர்க் கடிதத்தை இவருக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினேன். மூன்றாவது தடவை அவரே வாங்கிப் படித்தார்.

வரலாமா என்று கேட்டிருக்கிறாய். இதென்ன கேள்வி? பட்டறைக் கூரையைச் சரி செய்ய ஆள் வேண்டும். சும்மா இருக்கத்தானே போகிறாய், உளிப் பெட்டி எண்ணெயோடு இருக்கிறது. கோணலை மட்டும் வம்புக்கு இழுக்காதே.

ஒரு விஷயம். இத்தனை வருஷமாக இந்த வீட்டுக்குள் நாய் வந்தது, காற்று வந்தது, வெளிநாட்டு விருந்தாளி எட்டிப் பார்த்தார். நீ மட்டும்தான் வரவில்லை. யாரும் தட்டியதும் இல்லை, தட்டக் கதவு இருந்தால்தானே. டைப் வகுப்புப் பெண்கள்கூட இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே கூடி நிற்கிறார்கள். யாராவது தட்டிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

அதனால் வந்ததும் தட்டு. உன் அத்தான்தான் எழுந்து வருவார், மெதுவாகத்தான் வருவார், அவசரப்படுத்தாதே. உள்ளேயிருந்து "யாரு?" என்று கேட்பார். தலைவர், பிரதமர் என்று எதையாவது சொன்னால் திறக்க வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். வாலு என்று சொல்.

அக்கா